நால்வரின் பாட்டு, மூவரின் கணக்கு

கறுப்புப் பரப்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், மலை முகடுகள்போல் எழுந்து தாழ்கின்றன. இந்தப் படம் போட்ட டி-ஷர்ட்டை உலகெங்கும் அணிகிறார்கள். 1979 ஜூனில் வெளிவந்த ‘அன்னோன் பிளஷர்ஸ்’ என்ற இசைத்தட்டின் உறை அது என்பது அணிபவர்களில் பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்திலிருந்து வந்த ஜாய் டிவிஷன் என்ற ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பம். உறையை வடிவமைத்தவர் பீட்டர் சாவில். சிபி 1919 என்னும் துடிப்பு விண்மீனின் ரேடியோ அலைகளைக் காட்டும் அந்த வரைபடத்தை ஹரால்ட் கிராஃப்ட் என்ற ஆய்வாளர் 1970இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர்பட்ட ஆய்வேட்டில் சேர்த்திருந்தார். பின்னர் அது கேம்பிரிட்ஜ் வானியல் கலைக்களஞ்சியத்தில் இடம்பெற்றது. அங்கிருந்து அதைக் கண்டெடுத்துக் கொடுத்தது யார்? கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னர் என்கிறார்கள்; டிரம்ஸ் வாசித்த ஸ்டீவன் மாரிஸ் என்றும் சொல்கிறார்கள். இரண்டு பெயர்களும் இன்றுவரை புழக்கத்தில் இருக்கின்றன.

அந்த விண்மீனுக்கே இப்படி ஒரு கதை உண்டு. 1967இல் அதன் துடிப்பை முதலில் கவனித்தவர் ஜோஸ்லின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி. 1974இல் அந்தக் கண்டுபிடிப்புக்கான நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஆன்டனி ஹூயிஷுக்குப் போனது.

கூட்டாக நடந்த ஒரு வேலையில் யார் பங்கு எவ்வளவு என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஜாய் டிவிஷனிலும், அதன் தொடர்ச்சியான நியூ ஆர்டரிலும் இருந்த மூவர் தனித்தனியே நினைவு நூல்கள் எழுதியிருக்கிறார்கள். பிரிந்த நண்பர்கள் எழுதிய போட்டி நூல்கள் என்றால், நடந்தது என்ன என்பதில்தான் சண்டை இருக்கும் என்று எதிர்பார்த்து வாசிக்கத் தொடங்குகிறோம். இவற்றை அடுத்தடுத்து வைத்து வாசித்த எனக்கு வேறொன்று தெரிந்தது. நிகழ்ச்சிகளில் அவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். முரண் வருவது உழைப்பைப் பங்கிடும் இடத்தில்.

நூல்களும் அவை வந்த நேரமும்

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சால்ஃபோர்டில் ஒரே பள்ளியில் படித்தவர்கள் பீட்டர் ஹுக்கும் பெர்னார்ட் சம்னரும். 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் ஒரு சிறு அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, தாமும் குழு தொடங்க முடிவெடுத்தார்கள். (அன்று அங்கே இருந்தவர்கள் நாற்பது பேர் அளவில்தான் என்று கணிக்கிறார்கள். இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களோ ஏராளம். டேவிட் நோலன் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதியிருக்கிறார்.) மேக்கல்ஸ்ஃபீல்ட் ஊரைச் சேர்ந்த இயன் கர்டிஸ் பாடகராகவும் ஸ்டீவன் மாரிஸ் டிரம்ஸ் கலைஞராகவும் வந்து சேர்ந்தார்கள். கர்டிஸுக்கு வலிப்பு நோய் வந்தது. 1980 மே 18 அன்று, குழுவின் முதல் அமெரிக்கப் பயணத்துக்கு முந்தைய நாள், 23 வயதில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். எஞ்சிய மூவரும் நியூ ஆர்டர் என்று பெயர் மாற்றிக்கொண்டு தொடர்ந்தார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஜில்லியன் கில்பர்ட் சேர்ந்தார். 2007இல் ஹுக் விலகினார்.

இனி நூல்கள். கர்டிஸின் மனைவி டெபரா கர்டிஸ் 1995இல் எழுதியது முதல் நூல். 2007இல் ஆன்டன் கார்பைன் இயக்கிய ‘கன்ட்ரோல்’ படம் அதைத் தழுவியது. குழுவினரின் கைக்கு வந்தால், ஹுக் 2009இல் அவர்கள் பணத்தை விழுங்கிய ஹசியெண்டா என்ற இரவு விடுதியைப் பற்றியும், 2012இல் ஜாய் டிவிஷனைப் பற்றியும், 2016இல் நியூ ஆர்டரைப் பற்றியும் எழுதினார். கடைசியாகச் சொன்னது எழுநூறு பக்கங்களைத் தாண்டுகிறது. சம்னரின் ‘சாப்டர் அண்ட் வெர்ஸ்’ 2014இல் வந்தது. மாரிஸ் 2019இலும் 2020இலும் இரண்டு பாகங்கள் எழுதினார்.

இந்த ஆண்டுகளை இன்னொரு வரிசையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2010 மே மாதம், கர்டிஸ் இறந்து முப்பது ஆண்டுகள் நிறைந்தபோது, ஹுக் தம் புதிய குழுவோடு ‘அன்னோன் பிளஷர்ஸ்’ ஆல்பத்தை முழுதாக மேடையேற்றத் தொடங்கினார். 2011இல் நியூ ஆர்டர் அவர் இல்லாமலே மீண்டும் மேடைக்கு வந்தது. அதே ஆண்டில் மற்ற மூவரும் புதிய நிறுவனம் ஒன்றைத் தொடங்கி நியூ ஆர்டர் என்ற பெயரின் உரிமையைத் தங்கள் வசம் மாற்றிக்கொண்டதாகவும், வருவாயில் தமக்கு 1.25 விழுக்காடு மட்டுமே தந்ததாகவும், இதனால் 23 லட்சம் பவுண்டுக்கு மேல் இழந்ததாகவும் ஹுக் 2015இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். எதிர்த்தரப்பு இதை மறுத்தது. 2017 செப்டம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

ஆக, ஹுக்கின் 2012ஆம் ஆண்டு நூலை எழுதியவர், பழைய பாடல்களைப் பாட எனக்கென்ன உரிமை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தார். 2014இல் சம்னர், ஹுக் இல்லாமலே இது நியூ ஆர்டர்தான் என்று நிறுவ வேண்டியிருந்தது. 2016இல் ஹுக் வழக்கு நடத்திக்கொண்டிருந்தவர். மாரிஸின் இரண்டு பாகங்களும் சமரசத்துக்குப் பின் வந்தவை. அவற்றில் தெரியும் நிதானத்தை மாரிஸின் சுபாவம் என்று மட்டும் எடுத்துக்கொள்வது தவறு. எழுதும்போது அவர் தலைமேல் வழக்கு இல்லை. அவர் ஜில்லியன் கில்பர்ட்டின் கணவர் என்பதையும், தகராறில் ஒரு தரப்பைச் சேர்ந்தவர் என்பதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும். நினைவு நூலை மதிப்பிடுபவர்கள் நடையையும் நேர்மையையும் பேசுகிறார்கள். எழுதிய நாளில் நூலாசிரியருக்கு எந்தக் கணக்கு தீராமல் இருந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

அவர்கள் சான்றாகக் கொண்டுவரும் பொருள்களிலும் இது தெரிகிறது. ஹுக்கின் நூல்களில் நிகழ்ச்சித் தேதிகளின் பட்டியல், பாட்டு வாரியாகக் குறிப்புகள், கருவிகளின் விவரம், வரவு செலவு எல்லாம் வருகின்றன. பங்கு கேட்டு வருபவர் கணக்குப் புத்தகத்தோடு வருவது இயல்புதானே. சம்னர் தம் நூலின் பின்னிணைப்பில் ஒரு பதிவின் எழுத்து வடிவத்தைக் கொடுக்கிறார். கர்டிஸைத் தாம் மனோவசியத்துக்கு உட்படுத்திப் பேசவைத்தபோது கேசட்டில் பதிந்தது அது. தன் அந்தரங்கமான சொற்கள் அச்சில் வரலாமா என்று இறந்தவரிடம் கேட்க வழியில்லை என்பது என்னை உறுத்துகிறது. ஆனால் கர்டிஸிடம் மிக அருகில் இருந்தவர் யார் என்ற சொல்லப்படாத போட்டியில், அதைவிட வலுவான ஆவணம் வேறு எவரிடமும் இல்லை.

கேட்டுச் சொன்ன காது

ஜாய் டிவிஷன் பாடல்கள் எல்லாவற்றுக்கும் குழுவின் பெயரே போடப்பட்டது. நியூ ஆர்டரிலும் பாட்டு நால்வர் பெயரில் வந்தது. இளைஞர்கள் எடுத்த அந்த முடிவை நான் மதிக்கிறேன். வரி எழுதியவருக்கும் தாளம் பிடித்தவருக்கும் ஒரே பங்கு என்பது ராக் இசை உலகில் பெரிய மனதுள்ள ஏற்பாடு. ஆனால் அதற்கு ஒரு பின்விளைவு இருந்தது. இந்த மெட்டுத் துணுக்கு யாருடையது என்று அன்று எவரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்கும் தேவையே எழவில்லை.

பாட்டு உருவான விதமும் அப்படித்தான். மூவரும் பயிற்சிக்கூடத்தில் மனம்போனபடி வாசித்துக்கொண்டிருப்பார்கள். கர்டிஸுக்குக் கருவி வாசிப்பதில் பெரிய தேர்ச்சி இல்லை. அவர் கேட்டுக்கொண்டிருப்பார், இது நன்றாயிருக்கிறது, மறுபடி வாசி என்று நிறுத்திச் சொல்வார். ஹுக்கின் அடையாளமாகிப்போன பேஸ் கிட்டார் வாசிப்பும் இப்படி நிலைபெற்றதுதான் என்று அவரே சொல்கிறார். சம்னரின் ஒலிபெருக்கி உரக்க ஒலிக்கும். ஹுக்கிடம் இருந்தது மலிவான ஸ்பீக்கர். கீழ்க் கம்பிகளில் வாசித்தால் அவர் காதுக்கே எட்டாது. தன் வாசிப்பு தனக்குக் கேட்க வேண்டுமே என்று மேல் ஸ்தாயிக்கு ஏறினார். அது கர்டிஸுக்குப் பிடித்துப்போனது. தாளத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய பேஸ், பாட்டின் மெட்டையே ஏந்தியது. இந்த ஒரு செய்தியில் மூவருக்குப் பங்கு இருக்கிறது: உரக்க வாசித்த சம்னர், வழி தேடிய ஹுக், கேட்டுத் தெரிந்தெடுத்த கர்டிஸ். இதை எந்த விழுக்காட்டில் பிரிப்பது?

கர்டிஸ் குழுவின் குரல் என்றே ரசிகர்கள் நினைக்கிறார்கள். அவர் குழுவின் காதாகவும் இருந்தார் என்பதில் மூவரும் உடன்படுகிறார்கள். யார் எதை வாசித்தார், அதில் எது தேறியது என்று பக்கத்தில் நின்று பார்த்த ஒரே சாட்சி அவர். 1980இல் அந்தச் சாட்சி போய்விட்டது. 2010க்குப் பின் தொடங்கிய தகராறில் நடுவராக இருந்திருக்கக்கூடியவர் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இல்லாமலாகிவிட்டார். தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் 1991இலும், மேலாளர் ராப் கிரெட்டன் 1999இலும், அவர்கள் இசைத்தட்டுகளை வெளியிட்ட ஃபேக்டரி ரெகார்ட்ஸின் டோனி வில்சன் 2007இலும் இறந்தார்கள். நால்வரைச் சேர்த்துவைத்த மனிதர்கள் எல்லாரும் போன பிறகே குழுவினரின் நூல்கள் வரத் தொடங்கின.

நினைவு பற்றி இரண்டு ஆய்வுகள்

இத்தகைய நூல்களைப் பற்றிப் பேசும்போது, ‘ராஷோமான்’ படத்தைச் சொல்லி, ஆளுக்கொரு உண்மை என்று முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இந்த முடிவு எனக்கு ஏற்புடையதல்ல. உளவியலாளர்கள் இதைவிடத் துல்லியமாகப் பேசியிருக்கிறார்கள்.

1979இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இருவர் கணவன் மனைவியரிடம் தனித்தனியே ஒரு கேள்வி கேட்டார்கள்: வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு? இருவர் பதிலையும் கூட்டினால் பெரும்பாலும் மொத்தத்தைத் தாண்டியது. எவரும் பொய் சொல்லவில்லை. தான் செய்த வேலை ஒவ்வொருவருக்கும் தெளிவாக நினைவுக்கு வருகிறது. அடுத்தவர் செய்தது அந்த அளவுக்கு வருவதில்லை. ஹுக், சம்னர் நூல்களை அடுத்தடுத்து வாசித்தபோது இந்த ஆய்வுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. இரவெல்லாம் விழித்திருந்து சால்டரிங் கோலோடு சிந்தசைசர் கிட் பூட்டிய சம்னருக்கு நியூ ஆர்டர் என்பது அந்த இரவுகள். வேன் ஓட்டி, பெட்டி தூக்கி, மேடையில் முழங்கால்வரை பேஸைத் தொங்கவிட்டு வாசித்த ஹுக்குக்கு அது வேறு இரவுகள்.

இன்னொன்று, உல்ரிக் நைசர் 1981இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்க அதிபர் நிக்சனின் வழக்கறிஞர் ஜான் டீன், வாட்டர்கேட் விவகாரத்தில் 1973இல் செனட் குழுமுன் நீண்ட சாட்சியம் அளித்தார். நிக்சனின் அறையிலேயே ரகசிய ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது பின்னர் தெரியவந்தது. நைசர் இரண்டையும் ஒப்பிட்டார். டீன் சொன்ன உரையாடல்கள் சொல்லுக்குச் சொல் பொருந்தவில்லை. நடந்ததில் தம் பங்கை அவர் பெரிதாக்கியும் இருந்தார். ஆனால் குற்றத்தை மூடிமறைத்தார்கள் என்ற அடிப்படைச் செய்தி சரியாக இருந்தது. நினைவு தன் இடத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே உண்மையின் பக்கமும் நிற்க முடியும். நினைவு நூல்களை வாசிக்க இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியாது.

பெயர் போட்ட குழுக்கள்

இதே மான்செஸ்டர் நகரத்து ஸ்மித்ஸ் குழுவில் பாட்டுக்கு மாரிஸ்ஸி, ஜானி மார் இருவர் பெயரும் மட்டுமே. பாட்டு யாருடையது என்பதில் அங்கே சந்தேகமில்லை. தகராறு வாசிப்புக்கான வருவாயில் வந்தது. டிரம்ஸ் வாசித்த மைக் ஜாய்ஸ் தொடுத்த வழக்கில் 1996இல் அவருக்கு 25 விழுக்காடு உண்டு என்று தீர்ப்பாயிற்று. 2013இல் வந்த மாரிஸ்ஸியின் தன்வரலாறு அந்த வழக்குக்கும் நீதிபதிக்கும் பக்கம் பக்கமாக ஒதுக்குகிறது. அங்கே நூல் மேல்முறையீட்டு மனுவாகவே மாறிவிட்டது.

தி பேண்ட் குழுவில் பெரும்பாலான பாடல்கள் ராபி ராபர்ட்சன் ஒருவர் பெயரில் பதிவாயின. அது கூட்டு உழைப்பு என்று லெவன் ஹெல்ம் 1993இல் தம் நூலில் கசப்போடு எழுதினார். ராபர்ட்சனின் நூல் வந்தது 2016இல். ஹெல்ம் அதற்கு நான்கு ஆண்டு முன்பே இறந்துவிட்டார். ஒருவர் பெயர் போட்டாலும் சண்டை, நால்வர் பெயர் போட்டாலும் சண்டை என்றால் பெயர் போடும் முறையில் பொருளில்லை என்று சிலர் முடிவுகட்டலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹெல்ம் இழந்தது பணமும் சேர்ந்த ஒரு பங்கு. ஹுக்கோ பாட்டின் பங்கை இழக்கவில்லை. பழைய பாடல்களில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது. குழுவின் பெயர் யாருக்கு என்பதில்தான் அவர் நீதிமன்றம் போனார். சமமாகப் பெயர் போட்டது பாடல்களைக் காப்பாற்றியிருக்கிறது.

தமக்கெதிராகச் சொன்ன சாட்சி

ஒருவர் தமக்குச் சாதகமாகச் சொல்வதைவிடத் தமக்கெதிராகச் சொல்வதற்கு எடை அதிகம். இந்த அளவுகோலை வைத்தால், மூவரின் நூல்களும் ஒருமிக்கும் ஓரிடம் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகிறது: கர்டிஸின் வரிகளை அவர்கள் காதில் வாங்கவில்லை.

1978 டிசம்பர் 27 அன்று லண்டன் நிகழ்ச்சியிலிருந்து திரும்பும் வழியில் கர்டிஸுக்கு முதல் வலிப்பு வந்தது. சம்னர் சொல்லும் காட்சி மறக்க முடியாதது. காய்ச்சலோடு படுக்கைப் பைக்குள் சுருண்டிருந்த அவரிடமிருந்து கர்டிஸ் அதைப் பறித்தார். இவர் திரும்ப இழுத்தார். ஏதோ கோபம் என்று நினைத்த அந்த இழுபறி, வலிப்பாக மாறியது. அடுத்த மாதம் நோய் உறுதியானது. அதன்பின் ஒன்றரை ஆண்டுகூட அவர் உயிரோடில்லை. அந்தக் காலம் முழுவதும் நிகழ்ச்சிகள் தொடர்ந்தன. 1980 ஏப்ரலில் அவர் தம் உயிரை மாய்க்க முயன்று பிழைத்த மறுநாளே பரி நகரில் அவரை மேடையேற்றினார்கள். கூட்டத்தில் கலவரம் மூண்டது. அவர் நன்றாயிருக்கிறேன் என்று சொன்னார், நாங்கள் நம்பினோம் என்று ஹுக் தம்மையே குற்றம்சாட்டிக்கொள்கிறார். வேறு யாரைப் பற்றியோ எழுதுகிறார் என்றுதான் நினைத்தோம் என்கிறார் மாரிஸ். பணத்துக்காகவும் பெயருக்காகவும் நீதிமன்றம்வரை போனவர்கள் இந்தக் குற்றத்தை ஒருவர்மேல் ஒருவர் சுமத்தவில்லை. அவரவர் தம் தலையில் போட்டுக்கொண்டார்கள். இவர்களை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பக்கங்களையே.

இதையும் டெபராவின் நூல் இல்லாமல் முழுதாகப் பார்க்க முடியாது. மனைவிகளும் காதலிகளும் நிகழ்ச்சிகளுக்கு வராமல் ஒதுக்கப்பட்டதை அவர் எழுதுகிறார். கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தவர் பார்த்த கர்டிஸ், வேனில் சிரித்துக்கொண்டு வந்த கர்டிஸ் அல்ல. மூன்று ஆண்களின் நூல்களில் அந்த வீடு தூரத்தில் தெரியும் ஒரு விளக்கு அளவுக்கே வருகிறது.

நினைவை ஒதுக்கிவிட்டுப் பொருளைக் கேட்கக்கூடிய ஓரிடமும் உண்டு. கர்டிஸ் கடைசியாக எழுதிய பாடல்களில் ஒன்று ‘செரிமனி’. அதன் வரிகள் காகிதத்தில் கிடைக்கவில்லை. பயிற்சிக்கூடக் கேசட்டில் கருவிகளின் இரைச்சலுக்கடியில் குரல் புதைந்திருந்தது. சம்னர் அதை ஈக்வலைசர் வழியே ஓட்டி, ஒலியின் ஒவ்வோர் அடுக்கையும் ஏற்றி இறக்கி, சொல்சொல்லாகப் பிரித்தெடுத்தார். சில சொற்களை ஊகித்தே நிரப்ப வேண்டியிருந்தது. 1981 ஜனவரியில் அது நியூ ஆர்டரின் முதல் சிங்கிளாக வந்தது. வாழ்ந்தபோது கவனிக்காத வரிகளை, இறந்தபின் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார்கள்.

‘புளூ மண்டே’

1983 மார்ச்சில் வந்த ‘புளூ மண்டே’, பன்னிரண்டு அங்குல சிங்கிள்களில் மிக அதிகமாக விற்றதாகப் பேர்பெற்றது. கணினி வட்டைப் போன்ற அதன் உறைக்கு ஆன செலவால் ஒவ்வொரு பிரதிக்கும் நஷ்டம் வந்தது என்ற கதையும் பேர்பெற்றது. எத்தனை பென்ஸ் நஷ்டம் என்பதில் சொல்பவருக்குச் சொல்பவர் எண் மாறுகிறது. பாட்டின் தொடக்கத்தில் அதிரும் தாளம், மாரிஸ் டிரம் மெஷினில் அமைத்தது. அடிநாதத்தை ஓட்டியது சம்னர் தம் கையால் பூட்டிய சீக்வென்சர். அதன்மேல் ஹுக்கின் பேஸ். இயந்திரங்கள் தம் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்ற அவருடைய நெடுநாள் மனக்குறையை எண்ணிக்கொண்டு கேட்டால், அந்த பேஸ் இன்னும் கூர்மையாக ஒலிக்கிறது.

ஜில்லியன் கில்பர்ட் என்ன செய்தார் என்பதை 2013இல் கார்டியன் நாளிதழுக்கு அவரே சொன்னார். பாட்டு முழுவதையும் ஒவ்வொரு ஸ்வரமாக இயந்திரத்தில் ஏற்றும் வேலை அவருடையது. ஏ4 தாள்களில் எழுதி, ஒன்றோடொன்று டேப் போட்டு ஒட்டினார். பின்னல் வேலைக்கான வரைபடம்போல் அது ஒலிப்பதிவுக்கூடத்தின் நீளத்துக்கு விரிந்து கிடந்தது. ஏற்றும்போது ஒரு ஸ்வரம் கைதவறி விடுபட்டுப்போனது. அதனால் மெட்டு தாளத்திலிருந்து சற்றே விலகி நகர்கிறது. அந்த விலகலை யாரும் திருத்தவில்லை.

நால்வரில் தம் வேலையைத் தவறோடு சேர்த்துச் சொன்னவர் அவர். நினைவு நூல் எதுவும் அவர் இதுவரை எழுதவில்லை. பாட்டு இன்றும் நால்வர் பெயரில்தான் விற்கிறது. அவர் விட்ட ஸ்வரம் இன்றும் அதில் இல்லை.